காத்தாடிச் சிலுவை

கோயிலில் பழைய குருத்தோலைகளை எரிக்க ஒரு கை உதவி வேண்டும் என்று ஃபாதர் கேட்டபோது, கூட்டத்தில் முதலில் எழுந்து நின்ற மடையன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மீதியை வாசிக்கும்போது, இந்த மனிசன் ஒரு ஓரமாகச் சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றும். என் மனைவிக்குக் கல்யாணம் கட்டிய நாளிலிருந்தே அப்படித் தோன்றிக்கொண்டிருக்கிறது.

சும்மா இருப்பது எனக்கு வராது. கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து அதிர்ஷ்டச் சீட்டு இலக்கங்களைக் கத்துவது நான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் வழுக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, பெண் வீட்டாரின் முறைப்பை வாங்கிக்கொண்டு இறங்குவதும் நான். ஐம்பதைத் தாண்டியும் கண்ணாடி போடமாட்டேன். போட்டால் வயதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. "ஒங்ககிட்ட இருக்க ஒரே விசுவாசம் அதுதான்" என்பாள் மனைவி.

அவள் வாய் அப்படி. நான் மூச்சு விடாமல் பேசி முடித்ததை அவள் ஒரே வரியில் கிழித்துப் போடுவாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அடுத்த முட்டாள்தனத்தைத் தேடிக்கொண்டு போவேன்.

பக்தியிலும் எங்கள் வீட்டில் வேலைப் பிரிவு இருந்தது. செபிப்பது, விரதம் இருப்பது, ஆண்டவரோடு பேச்சுவார்த்தை நடத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. பிரசங்கம் நடக்கும்போது வெளியே மரத்தடியில் நின்று நாலு பேரைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு. வீட்டில் ஒருவர் பக்தியாக இருந்தால் மற்றவருக்கும் சேர்த்துக் கணக்கில் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

போன குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் மூன்று பேரும் கண்டி டவுனில் இருக்கும் கோயில் முற்றத்தில் நின்று ஓலை மடித்துக்கொண்டிருந்தோம். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகள் செய்த சிலுவையில் ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. நடுவில் வேறு ஒரு முறுக்கு.

"இது சிலுவை இல்லம்மா, காத்தாடி. கையில புடிச்சுக்கிட்டு ஓடு, சுத்தும்" என்றேன்.

"நீங்க செஞ்சத காட்டுங்கப்பா."

நான் செய்தது மடிப்பு நிற்காமல் கைக்குள்ளேயே அவிழ்ந்துகொண்டிருந்தது.

"அது வெளக்கமாறு" என்றாள் மனைவி. "வீட்டுக்கு ஒதவும்."

மகள் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதரும் பார்த்தார்.

அந்தக் காத்தாடியை மகள் தன் கட்டில் தலைமாட்டில் குத்தி வைத்துக்கொண்டாள். மற்ற ஓலைகளெல்லாம் வழக்கம்போல ஹோலில் தொங்கும் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் போயின. மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. ஒரு வருடம் வீட்டில் இருக்கும். அடுத்த தவக்காலம் தொடங்குமுன் கோயிலுக்குத் திரும்பிப் போகும். அங்கே அதை எரித்துச் சாம்பலாக்கி, திருநீற்றுப் புதனன்று அந்தச் சாம்பலால் எல்லாருடைய நெற்றியிலும் சிலுவை போடுவார்கள்.

பிறகு வருடக் கடைசியில் அந்த மழை வந்தது.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட. மகாவலி ஆறு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் கூடிப் பேசிப் புத்திசாலித்தனமாக ஒரு முடிவு எடுத்தோம். மகளைக் கம்பளைக்கு மேலே, தனியாக இருந்த அவளுடைய பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினோம். அது உயரத்தில் இருக்கிற வீடு. ஆறு அங்கே ஏறிப் போகாது. நாங்கள் சாமான்களை மேசைமேல் ஏற்றி வைத்துவிட்டு வீட்டிலேயே நின்றோம். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பிறகு இறங்கிப் போனது. பெரியம்மா வீட்டுக்கு மேலே இருந்த மலைச்சரிவும் இறங்கியது.

இந்த இடத்தை வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியவில்லை. முயற்சி செய்தும் பார்த்தேன். இரண்டு பேரையும் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். பெட்டியைத் திறக்க விடவில்லை. மயானத்தில் மனைவியின் கைக்குள் அந்தக் காத்தாடிச் சிலுவை இருந்ததைக் கண்டேன். குழிக்குள் போடக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். போட்டாளா என்று பார்க்கவில்லை. அந்த நேரம் நான் என் கால் சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்வது ஒரு முஸ்லிம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில். வெள்ளம் வடிந்த பிறகு ஊர் முழுக்க மண்வெட்டி தேடியது. நான் வேலைக்குத் திரும்பிய அன்று ஒருவர் வந்து மண்வெட்டியைத் தட்டிப் பார்த்து, ஆழமாக வெட்டுமா என்று கேட்டார். நான் நின்றேன். என் வாயிலிருந்து பதில் வராததை முதலாளி அன்றுதான் முதல் தடவையாகக் கண்டிருப்பார்.

"நீங்க அந்தப் பக்கம் நிக்க வாணாம்" என்றார். "பெய்ன்ட் பக்கம் வாங்க. பெய்ன்ட் வாங்க வார மனிசன் சந்தோசத்துக்குத்தான் வருவான்."

நல்ல மனதோடு சொன்னார். ஆனால் அந்த மாதங்களில் பெயின்ட் வாங்க வந்தவர்களெல்லாம் சுவரில் வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோட்டை மறைக்கத்தான் வந்தார்கள். எந்த நிறம் மறைக்கும் என்று என்னிடம் கேட்பார்கள். வெளிர் நிறம் எதுவும் மறைக்காது, கீழிருந்து தெரிந்துகொண்டே இருக்கும் என்று உள்ளதைச் சொல்வேன். முதலாளி தூரத்திலிருந்து முறைப்பார்.

வீட்டில் மனைவி கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். கோபத்தில் நிறுத்தியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ஆண்டவரை நாலு கேள்வி கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், தையல் மெஷினில் உட்கார்ந்து ஊராருக்குச் சட்டை தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை "வரலயா?" என்று கேட்டால், "நீங்க போங்க" என்பாள். அவ்வளவுதான்.

அதைவிட எனக்குப் பயம் காட்டியது வேறொன்று. அவள் என்னை ஏசுவதையும் நிறுத்திவிட்டாள். ஒருநாள் வேண்டுமென்றே சேர்ட்டை உட்புறம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். பார்த்தாள். "தேத்தண்ணி ஆறுது" என்றாள். நான் அப்படியே கடைக்குப் போய், அந்த ஏச்சை முதலாளியிடம் வாங்கினேன்.

மகள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு மடையன் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்த என் மனைவியாவது திரும்பி வரவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளைத் திருப்பிக் கொண்டுவர எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவள் விட்டுவிட்ட வேலையை நான் எடுத்துச் செய்வது. வீட்டில் பக்தி செய்யும் பதவி காலியாக இருந்தது. தகுதியில்லாத ஆள் போய் உட்கார்ந்தேன்.

தினமும் பொழுது சாய்ந்ததும் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டேன். செபமாலையில் மகிழ்ச்சிக்குரிய தியானம் சொல்லும் நாளில் துக்கத்துக்குரியதையும், துக்கத்துக்குரிய நாளில் மற்றதையும் சொன்னேன். முன்பென்றால் அவள் சமையலறையிலிருந்தே திருத்தியிருப்பாள். இப்போது தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஆண்டவரிடம் ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். அதிகம் பழக்கமில்லாத ஆளோடு பேசமாட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இந்தப் புதுப் பக்தனின் உற்சாகத்தில்தான் அது நடந்தது. திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிறு. பழைய ஓலைகளைக் கொண்டுவரும்படி ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தார்கள். மனைவி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் ஏறி, படத்துக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணாடியும் இல்லாமல், அகப்பட்டதையெல்லாம் வழித்து ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பைக்குள் போட்டேன். காய்ந்த ஓலையெல்லாம் என் கண்ணுக்கு ஒன்றுதான்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் நானே நெருப்பு வைத்தேன். ஊதினேன். புகை குடித்து இருமினேன். பிறகு சாம்பலைச் சலிக்க, கடையிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த புத்தம் புதிய சல்லடையை எடுத்தேன். "பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ, கழுவித் தந்தாச் சரி" என்று முதலாளி தந்துவிட்டிருந்தார். மேசன்மார் கூட அத்தனை கவனமாக மணல் சலித்திருக்க மாட்டார்கள். சுற்றி நின்றவர்களிடம் அந்தத் தூளை விரலால் எடுத்துக் காட்டி, "நம்பர் வன் டஸ்ட். எக்ஸ்போர்ட் குவாலிட்டி. லோக்கல்ல கெடைக்காது" என்றேன். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மழைக்குப் பிறகு நான் ஒருவரைச் சிரிக்க வைத்தது அன்றுதான். வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மனைவி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கரியோடு போய் நின்று, செய்த சேவையை விலாவாரியாகச் சொன்னேன்.

"படத்துக்குப் பின்னாடி இருந்ததா?"

"எல்லாந்தான். ஒரு ஈர்க்கு விடல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்குப் போனாள். படத்தைச் சற்றே முன்னால் இழுத்து, பின்னால் கையை விட்டாள். கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது.

"அவளோடதும் அங்கதான் வச்சிருந்தேன்" என்றாள்.

"குழிக்குள்ள போடலயா?"

"மனசு வரல."

படத்தை நேராக்கிவிட்டு, திரும்பிப் போய் அரிசிச் சட்டிக்கு முன்னால் குந்தினாள். அன்றைக்கு அந்த அரிசி வெகுநேரம் கழுவப்பட்டது. தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் கதவுநிலையில் நின்றேன். சிரிக்க வைக்க ஒரு பகிடியும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் எனக்கு வரும்போல.

மதியம் சாப்பிடாமல் கண்டிக்குத் திரும்பவும் பஸ் ஏறினேன். ஃபாதர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட வயதில் இளையவர். கதவைத் திறந்தார்.

"ஃபாதர், அந்தச் சாம்பல்ல எனக்குக் கொஞ்சம் வேணும்."

"ஏன், உங்கட நெற்றி அவ்வளவு பெரிசோ?"

என்னோடு அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். பழக்கிவிட்டது நான். விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய், சாம்பல் போட்டு மூடி வைத்திருந்த ஜாம் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எல்லாற்ற ஓலையும் கலந்துபோச்சு. பிள்ளையின்ர எது எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாது ஃபாதர். சலிச்சதே நான்தானே."

மூடியைத் திறந்து இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். எதைத் தேடினோம் என்று தெரியவில்லை. கறுப்பாக இருந்தது.

"முழுக்கக் கொண்டு போங்கோ" என்றார் பிறகு. "நான் வேற கோயில்ல கேட்டு எடுக்கிறன்."

கையை நீட்டிவிட்டேன். போத்தலைத் தொட்டும்விட்டேன். அப்போதுதான் காலையில் ஓலை கொண்டுவந்து தந்த ஆட்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த மழையில் ஆளைப் பறிகொடுத்தது நாங்கள் மட்டுமல்ல. ஒரு கிழவர் இரண்டே இரண்டு ஓலையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, குழந்தையைத் தருவதுபோல் தந்துவிட்டுப் போனார். அதுவும் இதற்குள்தான் இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"பிரசங்கம் ஒண்ணும் சொல்லலயா ஃபாதர்?"

"என்னட்ட ஒண்டும் இல்லை" என்றார். "இருந்தா முதல்ல நானே கேட்டிருப்பன்." போத்தலை மூடிக்கொண்டே, "புதன்கிழமை அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

வெளியே வரும் வழியில் கோயிலுக்குள் சும்மா உட்கார்ந்தேன். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும், அதன் கீழே நிற்கும் மாதாவும் அங்கே எத்தனையோ வருடமாக இருக்கிறார்கள். நான் அவர்களைக் கோயில் சாமானாகத்தான் பார்த்திருந்தேன், உட்காரும் வாங்கு, மெழுகுதிரித் தண்டு மாதிரி. அன்றைக்கு அந்தத் தாயின் கைகளைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிற கைகள். அரிசிச் சட்டிக்குள் இருந்த கைகள் ஞாபகம் வந்தன. ஆறுதலாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நாங்கள் நிற்கிற இடத்தில் எங்களுக்கு முன்னாலேயே யாரோ நின்றிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. பஸ்ஸில் அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்தேன். ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும்வரை அது கையில் இருந்தது.

வீட்டில் அவளிடம் சொன்னேன். "அது கோயில்ல ஒரு போத்தலுக்குள்ள இருக்கு. பிரிக்க முடியாது. புதன்கிழமை எல்லாருக்கும் பூசுவாங்க."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

தையல் மெஷினைத் திரும்ப ஓட்டத் தொடங்கினாள்.

புதன்கிழமை பின்னேரம் கடையிலிருந்து வந்தபோது அவள் வெள்ளைச் சேலையில், கைப்பையோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை. சாட்சிக்குத்தான் ஆள் இல்லை.

கோயிலில் வரிசையில் அவள் முன்னால் நின்றாள், நான் பின்னால். வரிசை நகர்ந்தது. நெற்றியில் சாம்பல் பூசும்போது ஃபாதர் சொல்கிற வாசகம் காதில் விழத் தொடங்கியிருந்தது. நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பதை நினைவில் கொள். ஒவ்வொரு ஆளுக்கும் சொன்னார். மண்ணுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இதை எப்படிச் சொல்வார்? அவளைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

ஃபாதர் விரலைச் சாம்பலில் தொட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், மெதுவாக, நெற்றியில் சிலுவை போட்டார். வழக்கத்தைவிடப் பெரிதாக. அவள் கண்ணை மூடவில்லை. அடுத்தது நான். எனக்கு ஒரு சொல் குறையாமல் முழுவதையும் சொன்னார்.

இடத்துக்கு வந்து நான் முழந்தாளிட்டேன். அவள் முழந்தாளிடவில்லை, செபிக்கவும் இல்லை. வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாம்பல் பூசிக்கொண்டு திரும்பி வருகிறவர்களின் நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைத் தொழிற்சாலைக்காரர். கைக்குழந்தையோடு ஒரு பெண். அந்தக் கிழவர். அவருக்கு நெற்றியில் சுருக்கம் அதிகம், சிலுவை கோணலாகிப் போயிருந்தது, ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. அவள் அவரைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். வாங்கில் போய் உட்கார்ந்த பிறகும் பார்த்தாள்.

திரும்பி வரும்போது தூறல் தொடங்கியது. அந்த மழைக்குப் பிறகு ஒரு துளி விழுந்தாலும் அவளுக்கு நடை நின்றுவிடும். அன்றும் பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றாள். நான் குடையை விரிப்பதற்குள் சேலைத் தலைப்பை இழுத்து நெற்றி மறைய மூடிக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துபோனாள். மூடிய குடையோடு நான் பின்னால் நனைந்துகொண்டு போனேன்.

வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்துச் சுடுதண்ணீர் வைத்தேன். பேசினுக்குள் ஊற்றி, துவாயும் எடுத்து, பக்கத்தில் வைத்தேன். அவள் ஹோலில் கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மெதுவாக விலக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் அப்படியே இருந்தது. ஈரம் படவில்லை.

"சுடுதண்ணி வச்சிருக்கேன். நெத்தியக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றேன். "இல்லாட்டி தலகாணியெல்லாம் கரியாயிரும்."

"எரிச்சது போதாதுன்னு, இப்ப கழுவவும் சொல்றீங்களா?"